தொதல் கிண்டிய தோள்

விமலேஸ்வரி ஓரிடத்தில் இருந்ததை ஜெயபுரத்தில் யாரும் பார்த்ததில்லை. அவளைத் தேடிப் போகிறவர்கள் வாசலில் நின்று கூப்பிடுவதில்லை. நேரே பின்வளவுக்குப் போய்விடுவார்கள். மாட்டுக் கொட்டிலிலோ மிளகாய்ப் பாத்தியிலோ கிணற்றடியிலோ ஆள் நிற்கும். கலியாண வீடானாலும் செத்த வீடானாலும் அவளுக்குப் போட்ட கதிரை வெறுமையாகக் கிடக்கும். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். "விமலா வந்திட்டாள், இனி அடுப்புக்கு ஆள் தேட வேண்டாம்" என்று யாராவது சொன்னால் கேட்டும் கேளாதவள்போல இருப்பாள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு மைல் நடக்கக்கூடியவள்.

பிறந்தது வடமராட்சியில். மூன்று வயதில், குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்த தகப்பனோடு வன்னிக்கு வந்தாள். எத்தனை தடவை இடம்பெயர்ந்தாய் என்று கேட்டால் கணக்குத் தெரியாது என்பாள். எத்தனை இடத்தில் அடுப்பு மூட்டினாய் என்று கேட்டால் யோசிக்காமல் பதினொன்று என்பாள். கணவன் சுதாகரன் இரண்டு ஏக்கர் நெல் விதைப்பவன், அதிகம் பேசாதவன். ஒரே மகள் பிரியந்தினி பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறாள். இருபத்து நாலு வயது; ஆங்கிலக் கடிதம் வாசிப்பாள்; தாயைப் போலவே கோபக்காரி.

போன ஐப்பசியில் விமலேஸ்வரியின் வலப் பக்கக் கழுத்தில், தோள் எலும்புக்குச் சற்று மேலே, ஒரு கட்டி தட்டுப்பட்டது. நெல் மூட்டை தூக்கியதில் நரம்பு பிரண்டிருக்கும் என்று எண்ணெய் தேய்த்தாள். மார்கழியில் அது கோழிமுட்டை அளவுக்கு வந்துவிட்டது. உடம்பு அரித்தது, படுத்த பாய் வேர்வையில் நனைந்தது. கிளிநொச்சியில் கட்டியிலிருந்து துண்டு எடுத்துப் பார்த்தார்கள். நிணநீர்ப் புற்றுநோய் என்று முடிவு வந்தது. வவுனியாவுக்குக் கிழமைக்கு ஒருநாள் வருகிற புற்றுநோய் டொக்டர் ஷிஹானாவிடம் அனுப்பினார்கள்.

முதலில் எடுத்த ஸ்கானில் கழுத்திலும் நெஞ்சின் நடுவிலும் மண்ணீரலுக்குப் பக்கத்திலும் கட்டிகள் தெரிந்தன. மூன்றாம் கட்டம் என்று டொக்டர் சொன்னதும் சுதாகரன், எத்தனை கட்டம் இருக்கு என்று கேட்டான்.

"மூண்டு எண்டதும் பயப்பட வேணாம்," என்றார் டொக்டர். அவர் முல்லைத்தீவுக்காரி. சிறுவயதில் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய், படித்து முடித்துத் திரும்பி வந்தவர். "இந்த நோய்ல அந்த நம்பர் எங்க எங்க இருக்கு எண்டதைத்தான் சொல்லும். சுகம் வருமா வராதா எண்டதை மருந்துக்கு நோய் எப்படி அசையுது எண்டு பார்த்துத்தான் சொல்லலாம். ரெண்டு சுற்று மருந்து ஏத்திப்போட்டு வேறொரு ஸ்கான் எடுப்பம்."

அன்று திரும்பும் வழியில் விமலேஸ்வரி கணவனிடமும் மகளிடமும் ஒரு சத்தியம் வாங்கினாள். இந்த நோயின் பெயர் வீட்டுக்கு வெளியே போகக்கூடாது. காரணம் இருந்தது. சுதாகரனின் தமக்கை இலட்சுமி வெள்ளவத்தையில் இருக்கிறார். அவர் தன் புருசன் பக்கத்துச் சொந்தத்தில் பிரியந்தினிக்கு ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். தாய்க்குப் புற்றுநோய் என்றால் பிள்ளைக்கும் வரும் என்று சனம் கதைக்கும். அதைவிட, தான் ஒரு நோயாளி என்று யாரும் பார்ப்பதை நினைக்கவே அவளுக்குக் கூசியது.

"அந்த மாப்பிள்ளைக்கு நான் இன்னும் ஓமெண்டே சொல்லேல்லை," என்றாள் பிரியந்தினி.

"நீ சொல்லாட்டிலும் அவை இல்லையெண்டு சொல்லக்கூடாது," என்றாள் தாய்.

மருந்து ஏற்றத் தொடங்கித் தலைமயிர் கொட்டியபோது, வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்து மொட்டை அடித்ததாகச் சொன்னாள். ஊர் நம்பியது. நம்பியதோடு விடவில்லை, மெச்சியது. பக்கத்து வீட்டு ஏரம்பு, "இந்தக் காலத்தில ஆர் தலைமயிரைக் குடுக்கிறா" என்று கோயில் கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னார். பெண்கள் வந்து என்ன நேர்த்தி என்று விசாரித்தார்கள். பிள்ளைக்குக் கலியாணம் சரிவர வேண்டும் என்றாள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். விமலேஸ்வரி அன்று முழுவதும் அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரிந்தாள்.

இரண்டு சுற்று முடிந்தது. டொக்டர் அடுத்த ஸ்கானைப் பற்றிச் சொன்னார். அது கொழும்பில்தான் எடுக்கலாம்.

"ஊசியில போறது ஒரு வகைச் சீனி, அம்மா. நோய் இருக்கிற இடம் பசியோட கிடக்கும். சீனியை இழுத்துக்கொள்ளும். படத்தில அந்த இடம் வெளிச்சமாத் தெரியும். அதை ஈரலோட வெளிச்சத்தோட ஒப்பிட்டு ஒண்டிலயிருந்து அஞ்சு வரைக்கும் புள்ளி போடுவாங்க. மூண்டுக்குள்ள வந்தா நல்லம். நுரையீரலைப் பாதிக்கக்கூடிய ஒரு மருந்தை விட்டுட்டு, மிச்சத்தை மட்டும் தரலாம். நாலு, அஞ்சு எண்டா இந்த மருந்து போதாது. கடுமையான மருந்துக் கூட்டுக்குப் போகணும்."

"அப்ப சோதினை மாதிரி," என்றாள் பிரியந்தினி.

"ஓம். இதில குறைஞ்ச புள்ளி எடுக்கிற ஆள்தான் கெட்டிக்காரர்."

விதிகள் அச்சிட்ட தாளைப் பிரியந்தினி சத்தமாக வாசித்தாள். ஸ்கானுக்கு முதல் நாள் பாரமான வேலை கூடாது. மாச்சத்து, இனிப்பு கூடாது. நடுச்சாமத்துக்குப் பிறகு தண்ணீர் மட்டும். விமலேஸ்வரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தாங்குவதென்றால் அவளுக்குப் பயமில்லை. ஒருநாள் சும்மா இருப்பது தாங்குகிற காரியம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஸ்கான் காலை ஏழு மணிக்கு. முதல் நாளே கொழும்பு போய் இரவு தங்க வேண்டும். பிரியந்தினி லொட்ஜில் தங்கலாம் என்றாள். "வெள்ளவத்தையில மச்சாள் வீடு இருக்க லொட்ஜோ? நாளைக்குத் தெரிஞ்சால் என்ன பதில் சொல்லுறது?" என்று தாய் மறுத்துவிட்டாள். பாஸ்போர்ட் எடுக்க வருவதாக இலட்சுமியிடம் சொல்லியாயிற்று.

மத்தியானம் போய்ச் சேர்ந்தபோது அந்த வீடு பலகார மணத்தில் மூழ்கிக் கிடந்தது. இலட்சுமியின் கடைசி மகள் யதுர்ஷிகா பெரியபிள்ளையாகியிருந்தாள்; சாமத்திய வீடு ஞாயிற்றுக்கிழமை. விறாந்தை முழுக்கப் பேப்பர் விரித்து முறுக்கு பரப்பியிருந்தது. பிரியந்தினி தாயைக் கதிரையில் இருத்தி, காதுக்குள் "அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கடிதங்களை முன்கூட்டியே கொடுப்பதற்காக ஸ்கான் எடுக்கிற இடத்துக்குப் போனாள்.

இலட்சுமி தேத்தண்ணியோடு வந்து எதிரே இருந்தார். தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"என்னடி விமலா, இப்பிடி மெலிஞ்சுபோனாய்? முகமும் கறுத்துக் கிடக்கு. ஏதும் வருத்தமோ?"

"அறுவடை வெயில், மச்சாள்."

"அறுவடை எங்களுக்கும் தெரியும். இது வேற மாதிரிக் கிடக்கு. நாளைக்கு மாப்பிள்ளையின்ர தாய் இஞ்ச வாறா. உன்னைக் கண்டால் முதல்க் கேள்வி அதுதான் கேப்பா."

விமலேஸ்வரி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். அந்த நேரம் குசினியிலிருந்து ஒரு பெண், தொதல் கிண்டக் கூப்பிட்ட ஆள் வரவில்லை, தேங்காய்ப் பால் திரண்டு அடிப்பிடிக்கப் போகிறது, என்று குரல் கொடுத்தாள்.

"வருத்தக்காரி கிண்டுவாளோ எண்டு பாருங்கோ," என்று எழும்பிப் போனாள் விமலேஸ்வரி.

பெரிய தாச்சி. பத்துத் தேங்காய்ப் பால், சிவத்தப் பச்சையரிசி மா, சர்க்கரை. தொதல் அல்வாபோல இறுகுகிற பண்டம்; முதல் அரை மணித்தியாலம் தண்ணீர்போல ஓடும். பிறகு மண்போலக் கனக்கும். கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். அவள் இரண்டு கையாலும் அகப்பையைப் பிடித்தாள். பாரம் முழுவதும் வலத் தோளில் விழுந்தது. மருந்து ஏறிய உடம்பு முதலில் நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. பெண்கள் சுற்றி நின்று கதை சொன்னார்கள். யாரோ ஒருத்தி, "மொட்டை அடிச்சாலும் கை அப்பிடியே கிடக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். விமலேஸ்வரியும் சிரித்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறு குலுங்கச் சிரித்தாள். இரண்டரை மணித்தியாலம் கழித்து எண்ணெய் பிரிந்து தொதல் உருண்டு வந்தபோது, பதம் பார்க்கிறேன் என்று வாயில் போட்டாள். இலட்சுமி அவளுடைய தோளில் தட்டி, "உனக்கு ஒண்டுமில்லை. நான்தான் விசர்க்கதை கதைச்சிட்டன்" என்றார்.

ஆறு மணிக்குப் பிரியந்தினி திரும்பியபோது தாய் அதே கதிரையில் இருந்தாள்.

"உங்கட சேலையில தொதல் மணக்குது."

"இந்த வீடே மணக்குது, பிள்ளை."

மறுநாள் காலை ஸ்கான் எடுக்கிற இடத்தில் றம்சீன் என்ற உத்தியோகத்தர் படிவத்தோடு வந்தார். தமிழ் பேசுகிற ஆள். இரவு என்ன சாப்பிட்டீர்கள், காய்ச்சல் உண்டா, என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "நேத்துப் பாரமான வேலை ஏதும் செஞ்சீங்களா?" என்றார்.

பிரியந்தினி பக்கத்தில் நின்றாள்.

"இல்லை," என்றாள் விமலேஸ்வரி.

"இனிப்பு?"

"இல்லை."

அவர் இரண்டு கோடு இழுத்தார். ஊசி போட்டார்கள். ஒரு மணித்தியாலம் இருட்டறையில் பேசாமல் படுக்க வைத்தார்கள். பிறகு கைகளைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி மெசினுக்குள் அனுப்பினார்கள். வலத் தோள் விண்விண்ணென்று குத்தியது. இதுக்கும் அதுக்கும் என்ன, கட்டி வேறு கை வேறு, என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து வவுனியாக் கிளினிக்கில் டொக்டர் ஷிஹானா முடிவை இரண்டு தரம் வாசித்தார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"நெஞ்சில நல்லா அடங்கியிருக்கு. மண்ணீரல் பக்கமும் அப்படித்தான். ஆனா வலக் கழுத்தும் தோளும் சரியான வெளிச்சம். ஈரலைவிடக் கூட. நோய் தொடங்கின இடமே அதுதான். நாலு புள்ளி போட்டிருக்கிறாங்க."

"எல்லா இடமும் குறைய அங்க மட்டும் ஏன் டொக்டர்?" என்றாள் பிரியந்தினி.

"அதைத்தான் படம் பார்த்த டொக்டரும் யோசிச்சிருக்கிறார். தசை வேலை செஞ்சாலும் இப்படித் தெரியும். வேலை செஞ்ச தசைக்கும் சீனி வேணும்தானே. ஆனா வேலை ஒண்டும் செய்யல்ல எண்டு படிவத்தில இருக்கு. அதனால நோய் எண்டுதான் எடுக்க வேண்டியிருக்கு எண்டு எழுதியிருக்கிறார்." டொக்டர் நிமிர்ந்தார். "அம்மா, முதல் நாள் ஏதும் செஞ்சீங்களா?"

விமலேஸ்வரி வாய் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள். "இல்லை டொக்டர். மாமி வீட்டில அம்மாவைக் கதிரையில இருத்திப்போட்டுத்தான் நான் போனனான். வரேக்குள்ளயும் அதிலதான் இருந்தவா."

விமலேஸ்வரி நிலத்தைப் பார்த்தாள். சீமெந்துத் தரையில் ஒரு வெடிப்பு ஓடியது. அது மேசைக்குக் கீழே போய் மறையும் வரைக்கும் பார்த்தாள்.

"அப்ப யோசிச்சுக்கொண்டிருக்க ஏலாது," என்றார் டொக்டர். "கட்டி சுருங்கிப்போச்சு, திரும்பத் துண்டு எடுக்கவும் இடமில்ல. திங்கக்கிழமை வந்து வார்ட்டில சேர்ந்து நில்லுங்க. புதுக் கூட்டில ஏழு மருந்து. மறைக்க மாட்டன், கடுமையா இருக்கும். காய்ச்சல் வரும், இரத்தம் ஏத்த வேண்டி வரும். ஆனா நோய் அடங்கல்ல எண்டா இதுதான் வழி."

அவர் கடிதம் எழுதினார். விமலேஸ்வரி அந்தப் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் பிள்ளை சொன்ன சாட்சி பொய்யாகும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். கதவு திறந்தே கிடக்கிறது. தொதல் என்ற சொல்லை அந்த அறையில் எப்படி எடுப்பது. கடிதம் முடிந்தது. அவர்கள் எழும்பி வெளியே வந்தார்கள்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்த பிரியந்தினி தகப்பனுக்கு ரெலிபோன் எடுத்தாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு எல்லாம் சொன்னாள். கட் பண்ணிய பிறகு முகத்தை யன்னலோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்குவது தெரிந்தது. சத்தம் வரவில்லை. ஓமந்தை போனது, புளியங்குளம் போனது. ஏழு மருந்தும் தனக்குள் ஏறுவதை விமலேஸ்வரி நினைத்துப் பார்த்தாள். அதை அவள் தாங்குவாள். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் இந்தப் பிள்ளை இருந்து பார்க்கும். எதற்காக என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருக்கும்.

"பிள்ளை."

பிரியந்தினி திரும்பவில்லை.

"நான் தொதல் கிண்டினனான்."

"என்ன?"

"மாமி வீட்டில. நீ வெளியில போன நேரம். ரெண்டரை மணித்தியாலம்."

பிரியந்தினி கண்ணைத் துடைத்துவிட்டுத் தாயைப் பார்த்தாள். ஏதோ அந்நியப் பெண் பக்கத்தில் வந்து இருந்துவிட்டதுபோலப் பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களோ?"

"ரெண்டு துண்டு."

"ரெண்டோ?"

"நாலு."

"டொக்டர் கேக்கேக்குள்ள நான் உங்களுக்காகச் சொன்னனான் அம்மா. கதிரையில இருந்தவா எண்டு. நீங்கள் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

"ஓம்."

"ஏன் அம்மா?"

முன் இருக்கையில் ஒரு கிழவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். விமலேஸ்வரிக்குச் சொல்லப் பதில் இருந்தது. மச்சாள் வருத்தமோ என்று கேட்டது, மாப்பிள்ளையின் தாய் வருவதாகச் சொன்னது, எல்லாம் இருந்தது. ஆனால் ஒன்றும் சொல்கிற மாதிரி இல்லை.

"வருத்தக்காரி எண்டு நினைச்சிடுவினம் எண்டு," என்றாள்.

பிரியந்தினி எழும்பி நின்றாள். "அண்ணை, இறக்கம்."

கனகராயன்குளத்தில் இறங்கினார்கள். மணி இரண்டே முக்கால். டொக்டர் நாலு மணிக்குப் போய்விடுவார்; அடுத்த வருகை அடுத்த கிழமை. அதற்கு முன்னமே திங்கட்கிழமை வந்துவிடும். கிளினிக் ரெலிபோனை யாரும் எடுக்கவில்லை. தெற்கே போகும் பஸ் ஒன்று நிறுத்தாமல் போனது. இருபது நிமிடத்துக்குப் பிறகு பூசணிக்காய் ஏற்றிய ஒரு சின்ன லொறி நின்றது. கலந்தர் என்ற வவுனியா வியாபாரி எட்டிப் பார்த்தார்.

"எங்க தங்கச்சி, ஆஸ்பத்திரிக்கா? ஆருக்குச் சுகமில்ல?"

"எனக்குத்தான்," என்றாள் விமலேஸ்வரி. வீட்டுக்கு வெளியே அந்தச் சொல்லை அன்றுதான் முதல்முதல் சொன்னாள். "டொக்டரிட்ட ஒரு பொய் சொல்லிப்போட்டன், அண்ணை. நாலு மணிக்கு முதல் அதைத் திருப்பி எடுக்க வேணும்."

கலந்தர் அவளை ஒருதரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், "அப்ப இறுக்கிப் பிடிங்க," என்று கியரைப் போட்டார். வழி முழுக்க அவர் பூசணி விலையைப் பற்றி மட்டுமே பேசினார்; அவர்களைப் பதில் சொல்ல விடாமல் தானே பேசிக்கொண்டு வந்தார். அந்த மரியாதை விமலேஸ்வரியை இன்னும் கூச வைத்தது.

மூன்று ஐம்பதுக்குக் கிளினிக் நடைவழியில் டொக்டர் ஷிஹானா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு நேர்ஸ்மார் கூட நின்றார்கள். சுவரோரம் கிடந்த நீள வாங்கில் இன்னும் ஏழெட்டுப் பேர் மருந்துக்கு இருந்தார்கள். தனியே பேசலாமா என்று கேட்கத்தான் விமலேஸ்வரி நினைத்திருந்தாள். கேட்டால் துணிவு போய்விடும் என்று தெரிந்தது.

"டொக்டர், நான் சொன்னது பொய். முதல் நாள் தொதல் கிண்டினனான். சாப்பிட்டும் போட்டன். பிள்ளைக்குத் தெரியாது. அவா சொன்னது அவவுக்குத் தெரிஞ்ச உண்மை."

வாங்கில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். டொக்டர் பையைக் கழற்றினார். அறைக்குள் போய் லைட்டைப் போட்டு, கொம்பியூட்டரில் படத்தை எடுத்தார்.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டரை மணித்தியாலம்."

"எந்தக் கை?"

"ரெண்டும். பாரம் வலத்தில."

"எப்படிக் கிண்டுவீங்க? காட்டுங்க."

விமலேஸ்வரி மேசையில் கிடந்த குடையை எடுத்து, இல்லாத தாச்சிக்குள் விட்டு, வலத் தோளைச் சரித்துச் சுற்றிக் காட்டினாள். ஒரு நேர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். விமலேஸ்வரிக்குக் காது இரண்டும் எரிந்தது. நிறுத்தாமல் சுற்றினாள். டொக்டர் அவளுடைய தோளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போதும். இங்க பாருங்க."

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு மனித உருவம். அது தான்தான் என்று அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் பிடிபட்டது. கழுத்திலிருந்து தோள்மூட்டு வரைக்கும், அங்கிருந்து மேல்கை வரைக்கும், கயிறு முறுக்கியதுபோல ஒரு வெளிச்சம் ஓடியது. கிண்டிய கை படத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"கட்டி எண்டா உருண்டையா நிக்கும். இது தசை ஓடுற வழியே ஓடுது. நீங்க சொன்னதோட பொருந்துது. ஆனா இந்த வெளிச்சத்துக்குப் பின்னால சின்னக் கட்டி ஒண்டு ஒளிஞ்சிருந்தா இதில பார்க்க ஏலாது. திரும்ப எடுக்கணும்." டொக்டர் திங்கட்கிழமைக் கடிதத்தைக் கேட்டு வாங்கி இரண்டாக மடித்து மேசைக்குள் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "ஏழு மருந்து ஏத்தியிருப்பன் அம்மா. தொதலுக்கு."

விமலேஸ்வரி குடையை மேசையில் வைத்தாள். அழுகை வரவில்லை. அழுதால் யாராவது ஆறுதல் சொல்வார்கள். அதற்கு உரிமை இல்லை என்று நின்றாள்.

அன்று மாலையே இலட்சுமிக்கு ரெலிபோன் எடுத்தாள். மகள் எடுத்துத் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். நோய், மருந்து, மொட்டை, பாஸ்போர்ட், தொதல், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். இலட்சுமி முதலில் கேட்டது மொட்டையைப் பற்றித்தான்.

"நேர்த்தி எண்டதும் பொய்யோ?"

"ஓம் மச்சாள்."

"உன்ர மொட்டையைச் சொல்லித்தானடி மாப்பிள்ளை வீட்டில நான் பெருமையடிச்சனான்." பிறகு குரல் மாறியது. "மருந்தேறின உடம்பை என்ர அடுப்பில நிப்பாட்டி வைச்சனே. வேடிக்கை பார்த்துக்கொண்டு நிண்டனே. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?"

"வெக்கமாக் கிடந்தது."

"இப்ப எனக்கெல்லோ வெக்கமாக் கிடக்கு," என்று இலட்சுமி ரெலிபோனை வைத்துவிட்டார். பத்து நிமிடத்துக்குப் பிறகு தானே திரும்ப எடுத்தார். "எப்ப ஸ்கான்? நேரே இஞ்ச வாங்கோ. மாப்பிள்ளை வீட்டுக்கு நான் சொல்லுறன். வேண்டாமெண்டால் போகட்டும்."

அடுத்த கிழமை வெள்ளவத்தையில் விமலேஸ்வரி ஒரு முழுநாள் கதிரையில் இருந்தாள். தலைத்துணியைக் கழற்றச் சொன்ன இலட்சுமி மின்விசிறியைத் திருப்பிவிட்டார். வந்த போன பெண்கள் அவளை வேறு மாதிரிப் பார்த்தார்கள், மெதுவாகப் பேசினார்கள், அவளுக்கு முன்னால் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். கோப்பையை எடுக்கக் கையை நீட்டினாலே இரண்டு பேர் ஓடிவந்தார்கள். இந்தப் பார்வைக்குப் பயந்துதானே எல்லாம் என்று நினைத்தபடி, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு அந்தப் பார்வைகளுக்கு நடுவில் இருந்தாள். இரண்டரை மணித்தியாலம் கிண்டியது இவ்வளவு களைப்பைத் தரவில்லை.

மறுநாள் அதே றம்சீன் படிவத்தோடு வந்தார்.

"நேத்துப் பாரமான வேலை ஏதும்?"

"பஸ்ஸால இறங்கேக்குள்ள பாக் தூக்கினனான்."

"அது பரவாயில்ல."

"எழுதுங்கோ, தம்பி. பின்னேரம் ஒரு வாளி தண்ணியும் பாத்ரூமுக்குள்ள இழுத்தனான்."

"முழு வாளியா?"

"அரை வாளி."

"அம்மா, மூச்சு விட்டதையும் எழுதவா?" என்று பிரியந்தினி கேட்டாள். தாயோடு நேராகப் பேசி எட்டு நாளாயிருந்தது. றம்சீன் அரை வாளியை எழுதினார்.

முடிவு வவுனியாவுக்கு வந்த அன்று டொக்டர் ஷிஹானா இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். புதுப் படத்தில் வலத் தோள் இருண்டு அடங்கிக் கிடந்தது. கழுத்தில், முன்னர் கட்டி இருந்த இடத்தில், ஒரு மங்கல். ஈரலைவிட மங்கல்.

"இரண்டு புள்ளி," என்றார் டொக்டர். "ஏழு மருந்து தேவையில்ல. பழைய கூட்டிலயும் ஒண்டைக் குறைக்கலாம். இன்னும் நாலு சுற்று. இப்படியே போனா நல்ல முடிவை எதிர்பார்க்கலாம்."

பிரியந்தினி தாயின் முழங்கையைப் பிடித்தாள். விமலேஸ்வரி இரண்டாவது படத்தைப் பார்க்கவில்லை. அவள் கண் முதல் படத்தில் எரிந்த கையிலேயே நின்றது.

"டொக்டர், அந்த முதல்ப் படத்தை அழிக்க ஏலாதோ?"

"ஏலாது அம்மா. கோப்பில இருக்கும். பிறகு பார்க்கிற டொக்டர்மாருக்கும் தேவை."

"அவை பார்த்தால் என்னெண்டு நினைப்பினம்?"

"நோய் திரும்பக் கூடிக் குறைஞ்சிருக்கு எண்டு குழம்புவாங்க."

விமலேஸ்வரி வாசல் பக்கம் பார்த்தாள். கதவு அன்றும் திறந்துதான் கிடந்தது. வாங்கில் ஆட்கள் இருந்தார்கள்.

"அப்ப அதுக்குக் கீழ எழுதிவிடுங்கோ," என்றாள். "தொதல் கிண்டினவா, கேட்டதுக்கு இல்லையெண்டு பொய் சொன்னவா எண்டு."

டொக்டர் அவளைப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினார். விமலேஸ்வரி கோப்பை மகள் பக்கம் தள்ளி, என்ன எழுதியிருக்கு, வாசி, என்றாள். பிரியந்தினி வாசித்துத் தமிழில் சொன்னாள்: முதல் நாள் இரண்டரை மணித்தியாலம் பாரமான கைவேலை, நோயாளி தானாகத் திரும்பி வந்து தெரிவித்தார்.

"பொய்யெண்டு இல்லையோ?"

"இல்லை அம்மா."

விமலேஸ்வரி தலை குனிந்தாள். நேர்ஸ் மருந்து ஏற்றும் அறைக்குக் கூப்பிட்டாள். விமலேஸ்வரி எழும்பிப் போய், காட்டிய கட்டிலில் ஏறிப் படுத்து, கையை நீட்டினாள்.